வரலாற்றுக் கட்டாயம்

பைய இக்கட்டால வெச்சுக்கறேன், நீங்க ஜன்னலோரமா நல்லாச் சாஞ்சு உக்காருங்க. திருப்பூர் வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். தூக்கம் வந்தாத் தூங்குங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். சொல்றது ரெண்டு வார்த்தைதான்.

முன்னால ரெண்டு பொம்பளைங்க கடலை தின்னுட்டு வர்றாங்க பாருங்க. பச்சச் சேலை கட்டுனது என் ஊட்டுக்காரி சுலோச்சனா. அவதான் முதலாளி. பக்கத்துல சுடிதார் போட்டிருக்கறது பாண்டீஸ்வரி, எங்க கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். ஸ்ட்ரைக் பண்ணுனது அந்தப் புள்ளதான். முதலாளியும் தொழிலாளியும் ஒரே பொட்டலத்துல கைய விட்டுத் தின்னுட்டு வர்றாங்க, பாத்தீங்களா. மூணு பேரும் லேபர் ஆபீஸ் போயி, பேச்சுவார்த்தை முடிஞ்சு, கையெழுத்துப் போட்டுட்டு வர்றோமுங்க.

நானா? நான் எந்தப் பக்கமுன்னு கேக்கறீங்க. அந்த ஆபீசரும் இதையேதான் கேட்டாரு. சொல்றேன் இருங்க.

மொதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிப்போடறேன். நான் முதலாளி கெடையாதுங்க. யாராவது என்னைய அப்படிச் சொன்னா எனக்கு ஒடம்பெல்லாம் எரியும். பேரு சென்னியப்பன். பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கற வேலைக்குப் போனேன், டெய்லருக்குத் துணிய மடிச்சுக் குடுக்கற எடுபிடி வேலை. டெய்லரானேன். கட்டிங் மாஸ்டரானேன். எங்க ஏரியாவுல சங்கத்தை ஆரம்பிச்சதே நான்தான், கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டுனது இந்தக் கைதான். வேலை முடிஞ்சு சாயங்காலம் பொழுதோட சங்க ஆபீசுல வகுப்பு எடுப்பேன். இயக்கவியல். முரண்பாடு. எதிர்மறைகளின் ஒற்றுமையும் போராட்டமும். கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லியா? பரவால்லீங்க, போய்ச் சேர்றதுக்குள்ள தெரிஞ்சுக்குவீங்க.

பெரிய கம்பசூத்திரம் இல்லீங்க. எந்தப் பொருளை எடுத்தாலும் அதுக்குள்ள ரெண்டு சக்தி ஒண்ணையொண்ணு இழுத்துட்டே இருக்குது. ஒண்ணு இல்லாம ஒண்ணு இருக்கவும் முடியாது, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகவும் முடியாது. அந்த இழுபறிதான் பொருளை மாத்துது. முதலாளிக்குத் தொழிலாளி இல்லாமத் தீராது. லாபம் வேணுமுன்னு ஆளுங்களை ஒரே கூரைக்குக் கீழ கொண்டாந்து கூட்டறான். கூட்டுனவங்க பேசிக்கறாங்க. பேசிக்கிட்டவங்க சங்கம் வெக்கறாங்க. ஆக அவனுக்கு எதிரா இருக்கற கூட்டத்தை அவனே கூட்டிக் குடுத்தர்றான். இதைச் சொல்றப்ப எனக்கு இப்பவும் புல்லரிக்குதுங்க, கையப் பாருங்க.

அப்பறம் நீ எப்படிக் கம்பெனி வெச்சேன்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்கறதுதான். நான் நல்லா யோசிச்சுத்தான் எறங்குனேன். சமுதாயம் மாறோணுமுன்னா முதலாளித்துவம் முத்தோணும். முத்துனாத்தான் அடுத்த கட்டம். சரி, அதை முத்த வெக்கறது யாரு? எல்லாத் தோழர்களும் கொடியப் புடிச்சுட்டு வெளிய நின்னா அது தானா முத்திக்குமா? பேரு கெட்டாலும் பரவால்லைன்னு யாராவது ஒருத்தரு உள்ள எறங்கோணுமில்லீங்களா? மாமனார் குடுத்த வெள்ளாமைக் காட்டை வித்து மெசினு போட்டு நான் எறங்குனேன். தியாகமுன்னா ஜெயிலுக்குப் போறது மட்டுமில்லீங்க.

சங்கத்துல ஒரு விதி, முதலாளிங்க உறுப்பினரா இருக்கக் கூடாதுன்னு. அந்த விதிய எழுதுனது நான்தான், அதனால மீற முடியல. கம்பெனிய சுலோச்சனா பேர்ல பதிஞ்சுட்டு நான் அதுல கட்டிங் மாஸ்டரா சேந்துக்கிட்டேன். எனக்கு பி.எப். எல்லாம் புடிக்கறாங்க. ஆனா அடுத்த வருசம் உறுப்பினர் பேரப் புதுப்பிக்கறப்ப சங்கத்துல என்னைய விட்டுட்டாங்க. கேட்டாச் சிரிக்கறாங்க. விதிய எழுத்துல படிக்கத் தெரியாத பசங்க.

கம்பெனிக்குப் பேரு சமத்துவம் நிட்வேர். ஆம்பளைங்க பனியன், ஜட்டி. பெரிய ஆளுங்க துணி குடுப்பாங்க, நாங்க வெட்டித் தெச்சுக் குடுக்கறது. அந்தக் கணக்குல பாத்தா சுலோச்சனாவும் கூடத் தொழிலாளிதான். அதை அவ ஒத்துக்க மாட்டா, அவளுக்கு முதலாளியா இருக்கறது புடிச்சிருக்குது.

நான் எதை விட்டாலும் வகுப்பை விடல. சாயங்காலம் மெசினு நிறுத்துனதும் அரை மணி நேரம். எல்லாரும் கட்டிங் டேபிளைச் சுத்தி உக்காரோணும். டீ உண்டு, பொறை உண்டு. அக்கம்பக்கத்துல எந்த ஓனராவது இப்படிச் செய்வானா சொல்லுங்க. அவனவன் ஆயுத பூசைக்குப் பொரி குடுக்கறதோட சரி. உங்களுக்கு மனசு விட்டுச் சொல்றேன், அந்த அரை மணி நேரந்தானுங்க எனக்கு எல்லாமே. காலையில இருந்து துணி வரல, நூலு வரல, கரண்டு போச்சு, ஆர்டர்க்காரன் போன்ல கத்தறான். ஒவ்வொண்ணும் என்னையப் பாத்து, நீ முதலாளி நீ முதலாளின்னு சொல்லிட்டே இருக்கும். சாயங்காலம் சாக்பீஸைக் கையில எடுத்தா நான் பழைய சென்னியப்பன். அந்த வகுப்பு இருக்கற வரைக்கும் நான் முதலாளி இல்ல. அதுவும் போச்சுன்னா நான் யாருங்க? ஜட்டி தெச்சுக் காசு பாக்கற இன்னொருத்தன், அவ்வளவுதான்.

எல்லாரும் என்னையத் தோழர்னுதான் கூப்புடோணும். அது நான் போட்ட ஒரே சட்டம். ஒருக்கா சம்பளத்தன்னைக்கு ஒரு புள்ள வாய் தவறி மொதலாளின்னு சொல்லிருச்சு. தோழர்னு சொல்ற வரைக்கும் கவரைக் குடுக்காம நிக்க வெச்சேன். பாசத்துலதான்.

அப்பறம் அந்தப் போர்டு. கேட்டுக்குப் பக்கத்துல டெய்லர் தேவை, செக்கிங் தேவைன்னு எழுதறதுக்கு ஒரு கறுப்புப் போர்டு உண்டு. அதுல மேல, என் கையால, கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருந்தேன். "தினமும் மாலை வகுப்பு. இது வரலாற்றுக் கட்டாயம்." வரலாற்றுக் கட்டாயமுன்னா என்னன்னா, யாரோ நெனச்சதனால எதுவும் நடக்கறதில்ல. உள்ளுக்குள்ள முரண்பாடு முத்தி, இனி நடந்தே தீருங்கற கட்டம் வந்தா, யாரு தடுத்தாலும் நடக்கும். எனக்கு அந்த வார்த்தை மேல நெம்பப் பிரியமுங்க. கல்யாணப் பத்திரிகையிலகூட ஒருக்காப் போட்டுக் குடுத்திருக்கேன், தங்கச்சி மகனுக்கு. பொண்ணு ஊட்டுக்காரங்க வேற மாதிரி நெனச்சுட்டுச் சண்டைக்கு வந்துட்டாங்க.

இந்தப் பாண்டீஸ்வரி வந்து சேந்தது போன தீபாவளி முடிஞ்சுதான். உசிலம்பட்டிப் பக்கம். ஊட்டுக்காரரு சாயப் பட்டறையில இருக்காரு. குடியிருக்கறது ஊருக்கு அக்கட்ட, ஒரு டவுன் பஸ்ஸை விட்டா அடுத்ததுக்கு நெம்ப நேரம் நிக்கோணும். வேலையில சுத்தம். வாயி கொஞ்சம் நீளம். வகுப்புக்கு வந்த மொத நாளே கேட்டுச்சு, இது எம்புட்டு நேரம் தோழர்னு. வர்க்கப் போராட்டம் முடியற வரைக்குமுன்னு சொன்னேன். அதுக்கில்ல தோழர், பஸ்ஸு இருக்குன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். கேள்வி கேக்கற ஆளு கெடச்சா வாத்தியாருக்குத் தனி தெம்புங்க.

ஒரு நாள் அளவு மாறி பண்பு மாறுற பாடம். தண்ணிய அடுப்புல வெச்சா அது பாட்டுக்குச் சூடாயிட்டே இருக்கும், பாத்தா தண்ணி மாதிரியேதான் இருக்கும், ஒரு கட்டத்துல பொசுக்குன்னு கொதிச்சு ஆவியாயிரும். ஜனங்களும் அப்படித்தான், பொறுத்துப் பொறுத்துப் போவாங்க, ஒரு நாள் கொதிச்சுருவாங்கன்னு சொன்னேன். டீ போடற அடுப்பையே காட்டி வெளக்குனேன். பாண்டீஸ்வரி கையத் தூக்குச்சு.

"கொதிக்கப் போகுதுன்னு அடுப்பு வெச்சவருக்கு முன்னாடியே தெரியுமா தோழர்?"

"தெரியாது. அதுதான் ஆளும் வர்க்கத்தோட குருட்டுத்தனம்."

அந்தப் புள்ள மத்தவங்களைப் பாத்துச்சு. மத்தவங்க டீ கிளாஸைப் பாத்தாங்க. பாடம் நல்லா எறங்கிருச்சுன்னு எனக்கு அன்னைக்கு ஒரே சந்தோசம். ஊட்டுக்குப் போயி சுலோச்சனாகிட்டச் சொன்னேன். அவ எனக்குச் சோத்தைப் போட்டுட்டு, அந்தப் பொறைக்கு மாசம் எவ்வளவு ஆகுது தெரியுமான்னா. அவளுக்கு ஆரம்பத்துல இருந்தே வகுப்புன்னா ஆகாது.

அடுத்து உபரி உழைப்பு. நாள் பூரா உழைக்கறீங்க, அதுல கொஞ்ச நேரம் உங்க வயித்துக்கு, மிச்ச நேரம் அவனுக்கு, அந்த மிச்ச நேரத்துக்குச் சம்பளம் கெடையாதுன்னு பிரிச்சுச் சொன்னேன். அப்பவும் பாண்டீஸ்வரிதான். அப்ப இந்த அரை மணி நேரம் யாருக்காக தோழர்னு கேட்டுச்சு. உங்க விடுதலைக்காகன்னு சொன்னேன். விடுதலைன்னா இப்ப விட்டுருவீங்களா, பஸ்ஸு வந்துருமுன்னுச்சு. நல்ல நகைச்சுவை உணர்வுங்க அந்தப் புள்ளைக்கு.

அதுக்கப்பறம் ஒரு நாள் மூணு பேரு சேந்து வந்தாங்க. வகுப்பு வேணுமுன்னா டூட்டி நேரத்துக்குள்ள வெச்சுக்கங்க, இல்லீன்னா வேண்டாங்கறவங்களை ஊட்டுக்கு விட்டுருங்கன்னு கேட்டாங்க. நான் உக்கார வெச்சு நெதானமா எடுத்துச் சொன்னேன். டூட்டியில சேத்துட்டா வகுப்பும் வேலையாயிரும். வேலையாயிருச்சுன்னா அதுல இருந்து நீங்க அன்னியமாயிருவீங்க. உங்களுக்கு அப்படி ஒரு கெடுதலை என் கையால செய்வனான்னு கேட்டேன். அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸும் போயிருச்சு.

இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வர்றேன். தூங்கிராதீங்க.

அன்னைக்குப் பொழுதோட ஒரு லோடு கெளம்போணும். பெரிய ஆர்டரு. சுலோச்சனா தாராபுரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டா. நான் காலையில ஷட்டரைத் தாண்டி உள்ள போறேன், ஒரு மெசினும் ஓடல. எல்லாரும் கட்டிங் டேபிளைச் சுத்திச் சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க. எல்லார் மொகமும் என்னையே பாக்குது. என்னாச்சுன்னு கேட்டேன். பாண்டீஸ்வரி சொல்லுச்சு, "தோழர், நேத்து நீங்க சொன்னதுல பாதி புரியல. இன்னைக்கு முழுசாச் சொல்லுங்க. அது வரைக்கும் நாங்க எந்திரிக்கறதா இல்ல."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. சங்கத்துல இருந்தப்பக்கூட ஆள் சேக்கறதுக்கு நான் ஒவ்வொரு ஊடாப் போயிக் கூப்புட்டிருக்கேன். இங்க பாருங்க, கேக்காமலே வந்து உக்காந்திருக்காங்க. லோடு போகோணுமேன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. கேட்டேன். லோடு எங்க தோழர் ஓடிப்போகுது, மொதல்ல உணர்வுன்னு பாண்டீஸ்வரி சொல்லிருச்சு. அந்த வார்த்தைய அது வாயில இருந்து கேட்டதுக்கு அப்பறம் நான் லோடைப் பத்தி நெனைக்கவே இல்ல.

எடுத்தேன் பாருங்க வகுப்பு. ஆதிப் பொதுவுடைமையில ஆரம்பிச்சேன். அடிமைச் சமுதாயம் முடிக்கறப்ப டீ வந்துச்சு. மத்தியானம் அவங்க தூக்குப்போசியத் தொறந்து உக்காந்த எடத்துலயே சாப்புட்டாங்க, நான் நின்னுட்டே நிலப்பிரபுத்துவத்தை முடிச்சேன். சாக்பீஸ் தீந்துபோச்சு, துணியில மார்க் பண்ற சாக்கை எடுத்து எழுதுனேன். லாரிக்காரன் வந்து ஆரன் அடிச்சான். அடிச்சுக்கிட்டே இருந்தான். வகுப்புக்கு எடைஞ்சலா இருக்குதுன்னு நானே போயி, நாளைக்கு வாப்பான்னு சொல்லிட்டு, ஷட்டரைப் பாதி எறக்கி விட்டுட்டு வந்தேன்.

அதுக்கு மேல முதலாளித்துவம். அதுல போராட்ட வடிவங்கள். பின்னால இருந்து ஒருத்தரு, உள்ளிருப்புப் போராட்டமுன்னா எப்படி தோழர்னு கேட்டாரு. நான் சொன்னேன், வழக்கம்போல வேலைக்கு வருவாங்க, மெசினு பக்கத்துலயே உக்காருவாங்க, வேலை மட்டும் செய்ய மாட்டாங்க, முதலாளிக்குச் சில சமயம் சாயங்காலம் வரைக்கும் வெளங்காது, அதுதான் அதோட நுட்பமுன்னு சொன்னேன். செக்கிங் புள்ளைங்க ரெண்டு பேரு வாயில வேஸ்ட் துணிய வெச்சு அடக்கிட்டு இருந்துச்சுங்க. ஷட்டரை எறக்குனது வேக்காடா இருக்குதாட்டன்னு நெனச்சு ரெண்டு பேனைச் சேத்துப் போட்டு விட்டேன்.

பொழுதோட சுலோச்சனா வந்தா. கல்யாண ஊட்டுத் தாம்பூலப் பை கையில. உள்ள வந்து ஓடாத மெசினைப் பாத்தா. தெச்சு முடிக்காத அடுக்கைப் பாத்தா. டேபிள் பூரா நான் எழுதி வெச்சிருந்ததைப் பாத்தா.

"ஏனுங்க, லோடு போகலையா?"

"காலையில இருந்து வகுப்பு நடக்குது சுலோச்சனா. அவங்களே கேட்டாங்க."

"ஏனுங்க, இது ஸ்ட்ரைக்குங்க."

நான் சிரிச்சேன். அவ பாண்டீஸ்வரிகிட்டத் திரும்பி, என்ன புள்ள ஸ்ட்ரைக்கான்னு சாதாரணமாக் கேட்டா. ஆமாக்கான்னு அதுவும் சாதாரணமாச் சொல்லுச்சு. நான் சாக்கோட நிக்கறேன். எல்லாரும் எந்திரிச்சு, சேலையத் தட்டிக்கிட்டு, தூக்குப்போசிய எடுத்துக்கிட்டு, வர்றோம் தோழர்னு ஒவ்வொருத்தரா மரியாதையாச் சொல்லிட்டு, பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. அன்னைக்கு ஒருத்தருக்கும் பஸ் தப்பல.

எனக்கு நெம்ப வருத்தமாப் போச்சுங்க. ஸ்ட்ரைக் பண்ணுனதுக்கு இல்ல. ஸ்ட்ரைக் பண்றது அவங்க உரிமை, அதைச் சொல்லிக் குடுத்தவனே நான். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் பண்ணுனாங்க பாருங்க. சொல்லியிருந்தா கோசத்தை நானே எதுகை மோனையோட எழுதிக் குடுத்திருப்பேன். என் ஆயுசுலயே நல்லா எடுத்த வகுப்பு அன்னைக்கு எடுத்ததுதான். அது வகுப்பே இல்லைன்னு ஆயிப்போச்சு.

மறுநாள்ல இருந்து கேட்டுக்கு வெளிய பந்தலைப் போட்டு, நான் ஆரம்பிச்ச அதே சங்கத்துக் கொடியக் கட்டி உக்காந்துட்டாங்க. பாண்டீஸ்வரி அந்தச் சங்கக் கமிட்டியில இருக்கறதே எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. வகுப்பு நடந்தா அது டூட்டி, டூட்டி இல்லீன்னா வகுப்பு வேண்டாம். அதுதான் கோரிக்கை. நான் பந்தலுக்குப் போயி ஆதரவு தெரிவிக்கறேன்னு சொன்னேன். உக்காரச் சொன்னாங்க, மோரு குடுத்தாங்க. மைக்கை மட்டும் குடுக்கல.

ஊட்டுல சுலோச்சனா தெனமும் ஒரே பேச்சு. வகுப்பை நிறுத்திப் போடுங்க, நாளைக்கே எல்லாரும் வந்துருவாங்கன்னா. நான் சொன்னேன், இங்க பாரு, முரண்பாட்டுல ரெண்டு வகை உண்டு. பகை முரண்பாடு ஒண்ணு, பகையில்லாத முரண்பாடு ஒண்ணு. இது ரெண்டாவது வகை, பேசிப் பேசியே தீத்துக்கலாமுன்னேன். "யாருக்கும் யாரு மேலயும் பகை இல்லீங்க," ன்னா. "உங்களுக்குத்தான் சாயங்காலம் பொழுது போகறதில்ல."

கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

ஆர்டர்க்காரன் வேற கம்பெனிக்குத் துணிய மாத்தறேன்னுட்டான். கடைசியில லேபர் ஆபீசுல பேச்சுவார்த்தைன்னு ஆச்சு. இன்னைக்குத்தான்.

உள்ள போனோம். நீளமா ஒரு மேசை, ரெண்டு பக்கமும் நாற்காலி. தொழிலாளர் தரப்பு எந்தப் பக்கம் உக்காருமுன்னு எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். காலு தானா அந்தப் பக்கந்தான் போச்சு. தோழர், இது கமிட்டி ஆளுங்களுக்குன்னு பாண்டீஸ்வரி சொல்லிருச்சு. சரீன்னு இக்கட்டால வந்தா சுலோச்சனா நாற்காலியில கைப்பைய வெச்சிருக்கறா. ஆடிட்டர் வர்றாருங்கன்னா. ஒரு ஓரத்துல பீரோவை ஒட்டி ஸ்டூலு ஒண்ணு கெடந்துச்சு, அதை இழுத்துப் போட்டு உக்காந்தேன். ஆபீசரு என்னையப் பாத்து, நீங்க எந்தத் தரப்புன்னாரு. நான் ரெண்டு தரப்புக்கும் நடுவுல இருக்கற முரண்பாடுங்கன்னேன். அவரு எழுதறதுக்குப் பேனாவைத் தொறந்தாரு, சித்த நேரம் யோசிச்சாரு, மூடி வெச்சுட்டாரு.

பாண்டீஸ்வரி போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டுச்சு. எங்க கேட்டுப் போர்டு. என் எழுத்து. போட்டோவுலயும் அழகாத்தான் இருந்துச்சு. ஆபீசரு கண்ணாடியப் போட்டுட்டுப் படிச்சாரு.

"கட்டாயமுன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஐயா, அது அந்தக் கட்டாயம் இல்லீங்க. வரலாற்றுக் கட்டாயம்."

வராதவங்களுக்கு மறுநாள் மெசினு குடுக்க மாட்டாரு சார், கைமடிக்க அனுப்பிருவாருன்னு பாண்டீஸ்வரி சொல்லுச்சு. அது நடைமுறைப் பயிற்சிங்கன்னு நான் வெளக்குனேன். ஆபீசரு கைய நீட்டி நிறுத்துனாரு. வகுப்பு கட்டாயமா, விருப்பப்பட்டவங்க வரலாமா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னாரு.

கட்டாயமுன்னு சொன்னா அது டூட்டி. நான் இத்தனை வருசம் எடுத்த வகுப்பெல்லாம் சுலோச்சனா கம்பெனிக்குச் செஞ்ச வேலைன்னு ஆயிரும். விருப்பமுன்னு சொன்னா நாளைக்குச் சாயங்காலம் டேபிளைச் சுத்தி ஒரு ஆளு இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேனே ஒழிய, எனக்குத் தெரியுமுங்க. அதனால உண்மையச் சொன்னேன். கட்டாயந்தானுங்க ஐயா, ஆனா கட்டாயப்படுத்தறது நான் இல்ல, வரலாறு.

"வரலாறு இங்க வந்து கையெழுத்துப் போடுமா?" ன்னாரு ஆபீசரு.

அப்பத்தான் சுலோச்சனா, வகுப்பை நிறுத்திக்கறோமுங்க சார்னா. அவ சொல்லி முடிக்கல, அதேதான் சார் எங்களுக்கும்னு பாண்டீஸ்வரி. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தரு பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. நான் எத்தனை வருசமா எதிர்மறைகளின் ஒற்றுமைக்கு ஒரு நல்ல உதாரணம் கெடைக்காமத் தவிச்சேன் தெரியுமா? காந்தத்தைச் சொல்லுவேன், பேட்டரியச் சொல்லுவேன், ஒருத்தருக்கும் வெளங்காது. இங்க கண்ணு முன்னால நடக்குது. முதலாளியும் தொழிலாளியும் ஒண்ணாச் சேந்துட்டாங்க. எதுக்கு எதிராச் சேந்தாங்கங்கறதுதான் எனக்குச் செமிக்கல.

மத்ததெல்லாம் சித்த நேரத்துல முடிஞ்சுபோச்சு. பழசை ரெண்டு தரப்பும் கேக்கறதில்ல. பஸ்ஸுக்கு முன்னாடி வேலைய முடிச்சு விட்டர்றது. வகுப்பு கெடையாது. டீயும் பொறையும் தொடரும். பொறை தொடருமுன்னு சொன்னது சுலோச்சனாவேதான். பொறை வேண்டாமுன்னு எங்கிட்ட அத்தனை சண்டை போட்டவ.

தட்டச்சு பண்ணி எடுத்தாந்தாங்க. நிர்வாகத் தரப்புல சுலோச்சனா போட்டா. தொழிலாளர் தரப்புல பாண்டீஸ்வரி போட்டுச்சு. சாட்சிக்கு ஒருத்தர் வேணுமேன்னாரு ஆபீசரு. ரெண்டு தரப்பும் ஒரே நேரத்துல பீரோப் பக்கம் திரும்பி என்னையப் பாத்தாங்க.

போட்டேனுங்க. சமுதாயத்தையே மாத்தறேன்னு கெளம்புனவன், என் வகுப்பை மூடுனதுக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோட்டுக்குக் கீழ எறங்கிப்போச்சு. ஆபீசரு, ஏனய்யா வயசாயிருச்சான்னாரு. ஆமாங்கன்னேன்.

வெளிய வந்தோம். சுலோச்சனா தள்ளுவண்டியில கடலை வாங்கப் போனா. நான் பாண்டீஸ்வரியத் தனியாக் கூப்புட்டேன். இத பாரு, வகுப்பும் இல்லைன்னு ஆச்சு. அந்தக் கம்பெனியில நானும் பி.எப். புடிக்கற கட்டிங் மாஸ்டர்தான். என்னையச் சங்கத்துல சேத்துக்கன்னேன். கேட்டே போட்டேனுங்க. நான் குழி தோண்டி நட்ட கொடி அது. கேக்கறப்ப எனக்கு வெக்கமாக்கூட இல்ல, சேத்துக்குமான்னு பயமாத்தான் இருந்துச்சு.

அது சிரிக்கல. நல்லா யோசிச்சுத்தான் பதில் சொல்லுச்சு. மொத தடவையா என்னையத் தோழர்னு கூப்புடல, ஓனர்னும் கூப்புடல. அண்ணேன்னுச்சு.

"கமிட்டியில வெச்சுக் கேக்கறேண்ணே. அதுக்கு முன்னாடி, புதுசா வர்றவங்களுக்கு ஞாயித்துக்கெழமை வகுப்பு எடுக்கறோம். அதுல வந்து உக்காருங்க."

"யாரு எடுக்கறது?"

"நாந்தேன்."

"என்ன தலைப்பு?"

"முதலாளின்னா யாருங்கறதுதான் மொத வகுப்பு. புது ஆளுங்களுக்கு வெறும் வாயால சொன்னா வெளங்க மாட்டேங்குது. நீங்க முன் வரிசையில வந்து உக்காந்தீங்கன்னா, காட்டிச் சொல்ல எனக்கு வசதியா இருக்கும்."

இப்படிச் சொல்லிட்டு அது பாட்டுக்கு பஸ் ஏறிருச்சுங்க. வேணுமுன்னு குத்திச் சொல்லல, அந்தப் புள்ளைக்கு அப்படி மனசு இல்ல. அதுதான் எனக்கு இன்னும் வலிக்குது. போறதா வேண்டாமான்னு யோசிச்சுட்டேதான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

போகத்தானுங்க போறேன். லேசுப்பட்ட தலைப்பு இல்ல அது. எங்கயாவது தப்பாச் சொல்லிருச்சுன்னா, எந்திரிச்சுத் திருத்தறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா?